வருடத்துக்கு ஒரு கேம்: பிடித்தவற்றின் பட்டியலை முறையாகப் போடுவது எப்படி

விளையாடத் தொடங்கிய காலம் முதல் போன வருடம் வரை, ஒவ்வொரு வருடமும் வெளியானவற்றில் உங்களுக்கு மிகப் பிடித்த ஒரே ஒரு வீடியோ கேம். அந்தப் பட்டியலைப் போடும் வழிமுறை இது. என்னுடையதை மூன்று முறை போட்டேன். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். அதன்பின் நண்பர்கள் நாலைந்து பேருக்கும் தங்கை மகனுக்கும் கூடவே உட்கார்ந்து உதவியபோது, எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்தேன்.

தங்கை மகன் முதல் நாளே முப்பது பெயர்களோடு வந்தான். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனதில் பதினொன்றை அவன் விளையாடியதே இல்லை. “மாமா, இதுல எனக்குப் பிடிச்சது எது, யூடியூப்ல பிடிச்சதுன்னு சொன்னது எதுன்னு எனக்கே தெரியல” என்றான். அந்தக் குழப்பம் வராமலிருக்கத்தான் கீழே உள்ள வரிசை. படிகளை இடம் மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

1. உட்காருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, பேனா. முதல் சுற்றுக்குக் கம்ப்யூட்டரும் போனும் வேண்டாம். ஒரு பெயரைத் தேடப் போனால் திரை இன்னும் பத்துப் பெயர்களை நீட்டும். அதில் எது உங்கள் நினைவு, எது திரை கொடுத்தது என்று பிறகு பிரிக்க முடியாது.

பழைய ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு, சிடி பவுச் எதுவாவது பரணில் இருந்தால் இறக்கி வையுங்கள். இப்போது திறக்க வேண்டாம், நான்காம் படியில் தேவைப்படும்.

கூட விளையாடிய ஒருவரின் போன் நம்பர் மிக முக்கியம். அண்ணன், அத்தை மகன், எதிர்வீட்டுப் பையன், யாராக இருந்தாலும் சரி. நமக்குப் பெயர் மறந்த கேமை அவர்கள் ஒரே சொல்லில் பிடித்துவிடுவார்கள்.

நேரம்: மூன்று மாலைகள், அதன்பின் இரண்டு வார இறுதிகள். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் கடைசி ஐந்து வருடங்கள் மட்டும் தடித்து, பழையவை மெலிந்துபோகும்.

2. பெயர்களுக்கு முன் விதிகளை எழுதுங்கள்

பெயர்களை எழுதிவிட்டு விதி வகுத்தால், பிடித்த கேமைக் காப்பாற்றுவதற்கேற்ப விதி வளையும். என் முதல் பட்டியல் கெட்டது இப்படித்தான். ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் கீழ்க்கண்ட கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

வெளியான வருடமா, நீங்கள் விளையாடிய வருடமா? இரண்டும் செல்லும், கலக்கத்தான் கூடாது. நான் வெளியான வருடத்தையே சொல்வேன். விளையாடிய வருடம் நினைவில் நழுவும். அதோடு நம்மில் பலர் கேம்களைத் தாமதமாகத்தான் பார்த்தோம். கான்ட்ரா என்ற கேம் ஆர்கேடில், அதாவது காசு போட்டு விளையாடும் பெரிய மெஷினில், 1987. டிவியில் மாட்டி விளையாடும் வீட்டு கன்சோலில் 1988. நம் தெருவில் டிவி கேம் கேசட்டாக அது ஓடியது தொண்ணூறுகளில். விளையாடிய வருடத்தை வைத்தால் பத்து வருடத்துச் சரக்கு ஒரே கோடை விடுமுறைக்குள் வந்து அடையும்.

எந்த வெளியீடு? ஜிடிஏ வரிசையில் வந்த இரண்டு கேம்களைப் பாருங்கள். வைஸ் சிட்டி பிளேஸ்டேஷன் 2 கன்சோலில் 2002, கம்ப்யூட்டரில் 2003. சான் ஆண்ட்ரியாஸ் 2004, கம்ப்யூட்டரில் 2005. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலில் 2018, கம்ப்யூட்டரில் 2019. உலகில் எங்கே, எந்த மெஷினில் முதலில் வந்ததோ அந்த வருடம் என்று வைத்துக்கொண்டால் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை.

பெயரிலுள்ள எண்ணை நம்பாதீர்கள். கிரிக்கெட் 07 வெளியானது 2006 நவம்பரில். வருட எண் போட்டு வரும் கால்பந்து கேம்களும் அப்படித்தான், முந்தைய வருடமே கடைக்கு வந்துவிடும். புதிதாகப் பட்டியல் போடுகிறவர்களிடம் நான் மிக அதிகமாகத் திருத்தியது இந்தப் பிழையைத்தான்.

முழுமையடையும் முன்பே விற்பனைக்கு வந்தவை? மைன்கிராஃப்ட் 2009-இலேயே கைக்குக் கிடைத்தது, முழு வெளியீடு 2011 நவம்பரில். ஹேடிஸ் 2018, முழுமையாக 2020. பால்டர்ஸ் கேட் 3-க்கு 2020, 2023. முழு வெளியீட்டையே எடுங்கள். பாதி கட்டிய வீட்டையும் குடியேறிய வீட்டையும் ஒன்றாகப் பார்ப்பது நியாயமாகாது.

ரீமேக், அதாவது பழைய கேமையே மறுபடி செய்து வெளியிடுவது, தனிக் கேமா? அடியிலிருந்து புதிதாகக் கட்டியிருந்தால் தனி. ரெசிடென்ட் ஈவில் 4-இல் 2005-இல் வந்ததும் 2023-இல் வந்ததும் இரு வேறு கேம்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அப்படியில்லை. படம் தெளிவாக்கிய பதிப்புகளாக 2013-இல் எச்டி என்றும் 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்றும் வந்தபோது துணி மாற்றிக்கொண்டது, ஆள் அதே ஆள். என் பட்டியலில் அது 1999-இல்தான் இருக்கிறது.

ஆன்லைன் கேம்கள் கொஞ்சம் சிக்கல், வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே இருக்கும். பப்ஜி மொபைல் 2018-இல் வந்தது, 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடையானது, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்று திரும்பியது. இதை இரண்டாக எண்ணலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கையில் உணர்வது அதே கேம்தான், ஆகவே ஒன்று.

கடைசி விதி: எவ்வளவு விளையாடியிருந்தால் சேர்க்கலாம்? முடித்திருக்க வேண்டும் என்று வைத்தால் பாதிப் பேருக்குப் பட்டியலே இராது. அந்தக் காலத்தில் கேசட்டில் சேவ், அதாவது விட்ட இடத்தைப் பதிந்து வைக்கும் வசதி, கிடையாது, பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு. என் அளவுகோல் வேறு: அந்த கேமில் நடந்த ஒரு சம்பவத்தை, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதோடு சேர்த்துச் சொல்ல முடிய வேண்டும்.

3. நினைவிலிருந்து மட்டும் எழுதுங்கள்

முதல் மாலை முழுவதும் இதற்குத்தான்.

“2003-இல் என்ன விளையாடினேன்?” என்று கேட்டால் மனம் வெறுமையாக நிற்கும். நினைவு வருடக் கணக்கில் அடுக்கப்பட்டிருப்பதில்லை, இடக் கணக்கில் இருக்கிறது. ஆகவே நோட்டில் வருடங்களைப் போடாமல் இடங்களைத் தலைப்பாகப் போடுங்கள். பழைய வாடகை வீட்டு ஹால். மாமா வீட்டுக் கம்ப்யூட்டர். பள்ளிக்கூட லேப். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர். ஹாஸ்டல் அறை. முதல் சம்பளத்தில் வாங்கிய லேப்டாப். ஒவ்வொரு இடத்திலும் திரை எந்தப் பக்கம் இருந்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோசியுங்கள். பெயர்கள் தாமாக வரும்.

பெயர் வராவிட்டால் பார்த்ததை எழுதுங்கள். “சட்டை போடாத இரண்டு பேர், ஒருவன் நீலம், ஒருவன் சிவப்பு, குதித்துச் சுருண்டு சுடுவது” என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அது கான்ட்ரா என்று யாரும் சொல்லிவிடுவார்கள். “பைக் ரேஸ், பக்கத்தில் வருகிறவனைச் சங்கிலியால் அடிப்பது” என்றால் ரோட் ராஷ்.

கேசட்டில் விளையாடியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே ஆயிரக்கணக்கில் எண் போட்டிருந்த அந்தக் கேசட்டுகளில் உண்மையில் இருந்தவை கொஞ்சம்தான். அதே கேமை வேறு பெயரில், வேறு லெவலில் தொடங்குவதுபோல மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். நான் தனித்தனியாக எழுதிய ஆறு பெயர்களில் நான்கு ஒரே கேம். மெனுவில் இருந்த பெயரை விட்டுவிட்டு, கேம் திறந்ததும் வந்த முதல் திரையை நினைவுபடுத்துங்கள்.

எழுதும்போது தரம் பார்க்காதீர்கள். இது நல்ல கேமா, சொன்னால் சிரிப்பார்களா என்ற யோசனை வந்தால் பேனா நிற்கும். செங்கல் அடுக்குவதும் எழுதலாம், போனில் பாம்பு ஓட்டியதும் எழுதலாம். வடிகட்டும் வேலைக்கு இன்னும் மூன்று படிகள் இருக்கின்றன.

இரண்டாம் மாலை, கூட விளையாடியவருக்குப் போன் போடுங்கள். உங்கள் பட்டியலைப் படித்துக் காட்ட வேண்டாம். அவரைப் பேசவிட்டு, உங்களுக்கும் காட்சி கண்ணில் வருவதை மட்டும் சேருங்கள்.

4. தேதிகளை ஆதாரத்தோடு சரிபாருங்கள்

இப்போது கம்ப்யூட்டரைத் திறக்கலாம். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் கணக்கு விவரங்களுக்குள் வாங்கியவற்றின் வரலாறு தேதியோடு இருக்கும். கேமில் ஒரு சவாலை முடித்தால் கிடைக்கும் அச்சீவ்மென்ட் பதக்கங்களுக்கும் அவை கிடைத்த தேதி உண்டு. பிளேஸ்டேஷன் டிராஃபிகளுக்கும் அப்படியே. ஆண்ட்ராய்டு போன் என்றால், பிளே ஸ்டோரில் இப்போது போனில் இல்லாத செயலிகளின் பட்டியலைப் பாருங்கள். மறந்தே போன கேம்கள் அங்கே வரிசையாக நிற்கும்.

பழைய ஹார்ட் டிஸ்கில் சேவ் கோப்புகளைத் தேடுங்கள். வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் தனித்தனி ஃபோல்டரில் சேவ் கோப்புகளை வைக்கும். அங்கே உருவாக்கிய தேதி, மாற்றிய தேதி என இரண்டு இருக்கும். மாற்றிய தேதியைத்தான் பார்க்க வேண்டும். ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்யும்போது உருவாக்கிய தேதி காப்பி செய்த நாளாகிவிடும். மாற்றிய தேதி பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

மணிக்கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பழக்கத்தைக் காட்டும், பிரியத்தைக் காட்டாது. சாப்பிடப் போனபோது ஓடிக்கொண்டிருந்ததும் அதில் சேர்த்திதான். என் கணக்கில் முதலிடத்தில் இருக்கும் கேம் என் பட்டியலில் எந்த வருடத்திலும் இல்லை. நண்பர்கள் அழைத்தார்கள், போனேன், அவ்வளவுதான்.

5. வருடங்களில் அடுக்குங்கள்

ஒவ்வொரு பெயருக்கும் வெளியான வருடத்தைத் தேடி எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு கேம்கள் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டெட் 2005-இலும் உண்டு, 2012-இலும் உண்டு. காட் ஆஃப் வார் 2005, 2018. கால் ஆஃப் டியூட்டி வரிசையின் மாடர்ன் வார்ஃபேர் 2 என்றால் 2009, 2022. அட்டைப் படத்தைப் பார்த்து உறுதி செய்துவிட்டு எழுதுங்கள்.

அந்தந்த வருடம் வெளியானவற்றின் பொதுப் பட்டியலைப் பார்க்க இப்போதுதான் அனுமதி. அதுவும் ஒரே காரணத்துக்கு: நீங்கள் விளையாடி, மறந்துபோனது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. ஒரு பெயரைக் கண்டதும் “ஆமாம், இது பெரிய கேம்” என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். “அய்யோ, அந்த மழை லெவல்!” என்று தோன்றினால் எழுதுங்கள்.

6. நெரிசலான வருடங்களில் ஒன்றைத் தேர்வது

சில வருடங்கள் எளிது, எதிரே நிற்க ஆளே இல்லை. சில வருடங்கள் மனதைப் பிசையும். 1998-இல் ஹாஃப்-லைஃப், ஸ்டார்கிராஃப்ட், மெட்டல் கியர் சாலிட், ஆக்கரினா ஆஃப் டைம். 2007-இல் பயோஷாக், போர்ட்டல், மாடர்ன் வார்ஃபேர். 2017-இல் பிரெத் ஆஃப் தி வைல்ட், ஹாலோ நைட், நியர் ஆட்டோமேட்டா, கப்ஹெட்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்து ஒன்றை எடுக்க முயலாதீர்கள், பிரபலமானதே கையில் வரும். இரண்டிரண்டாக மோத விடுங்கள். ஐந்து கேம் என்றால் பத்து ஜோடி, கால் மணி நேர வேலை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே கேள்வி: இந்த இரண்டில் ஒன்றை நான் விளையாடிய நினைவே அழிந்துபோகும் என்றால், எது போகக் கூடாது?

கேள்வியை நடுவில் மாற்றக் கூடாது. முதலாவது இரண்டாவதை வென்று, இரண்டாவது மூன்றாவதை வென்று, மூன்றாவது முதலாவதை வென்றால், எங்கோ கேள்வி மாறிவிட்டது என்று பொருள். ஒரு ஜோடியில் கதையைப் பார்த்திருப்பீர்கள், இன்னொன்றில் சண்டையை. மறுநாள் அந்த மூன்று ஜோடிகளை மட்டும் திரும்பக் கேளுங்கள்.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது 2004. ஒரு பக்கம் ஹாஃப்-லைஃப் 2. அதில் வரும் ரேவன்ஹோம் என்ற பாழடைந்த ஊரின் இருட்டில், சுவரில் பதிந்திருந்த ரம்பத் தட்டை, பொருட்களை இழுத்து எறியும் கிராவிட்டி கன்னால் உருவி எறிந்த அந்த முதல் முறை, கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. மறுபக்கம் சான் ஆண்ட்ரியாஸ். அதில் பிக் ஸ்மோக் என்ற கூட்டாளியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ரயிலோடு பைக் ஓட்டும் மிஷனில் நான் எத்தனை முறை தோற்றேன் என்று கணக்கில்லை. எது சிறப்பாகச் செய்யப்பட்ட கேம் என்று கேட்டால் ஹாஃப்-லைஃப் 2 என்றுதான் சொல்வேன். ஆனால் கேள்வி அதுவல்லவே. அழியக் கூடாதது எது என்றதும் சான் ஆண்ட்ரியாஸ் முன்னால் வந்து நின்றது. சிறந்தது எது என்பதற்கும் பிடித்தது எது என்பதற்கும் விடை வேறாக வரும்போது சங்கடப்படாதீர்கள். இந்தப் பட்டியல் பிடித்ததற்கானது.

நீளத்தைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். 2023-இல் என் நோட்டில் பால்டர்ஸ் கேட் 3-உம் வெண்பா என்ற கேமும் எதிரெதிரே நின்றன. முன்னது நூறு மணி நேரத்தைச் சாதாரணமாக விழுங்கும். பின்னது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மாவின் சிதைந்துபோன சமையல் குறிப்பு நோட்டு, அதை வைத்துச் சமைத்துப் பார்ப்பதுதான் விளையாட்டே. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று திரையில் யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து எட்டிப்பார்த்த என் அம்மா, “அப்படி இல்லடா, திருப்பி வை” என்றார். அவர் என்னோடு கேம் விளையாடியது அந்த ஒரு முறைதான். 2023-க்கு வெண்பா.

7. காலி வருடங்களை நிரப்பாதீர்கள்

பரீட்சை, வேலை தேடல், குழந்தை பிறப்பு என்று சில வருடங்கள் ஓடியிருக்கும். அங்கே ஒரு கோடு போட்டு விடுங்கள். கேள்விப்பட்ட பெயரை எழுதினால் மற்ற வருடங்களின் உண்மையும் மங்கிப்போகும்.

பிறகு எப்போதாவது அந்த வருடத்துக் கேமை விளையாடிப் பிடித்துப்போனால் தாராளமாகச் சேருங்கள், பக்கத்தில் விளையாடிய வருடத்தையும் எழுதி. என் 2011 அப்படித்தான் ஒன்பது வருடம் கழித்து நிரம்பியது.

8. முடிவு கட்ட முடியாதவற்றை மட்டும் திரும்ப விளையாடுங்கள்

ஜோடி மோதலிலும் தீராத வருடங்கள் இரண்டோ மூன்றோ மிஞ்சும். வார இறுதிகள் அவற்றுக்குத்தான். எல்லாவற்றையும் திரும்ப விளையாடக் கிளம்பினால் மூன்றாவது கேமிலேயே பட்டியல் வேலை நின்றுவிடும், நான் பார்த்தவர்களில் இருவருக்கு அப்படித்தான் ஆனது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். தொடக்கத்திலிருந்து வேண்டாம், நடுவிலிருக்கும் ஒரு சேவ் கோப்பைத் திறங்கள். முதல் ஒரு மணி நேரம் பொத்தான்களைச் சொல்லிக்கொடுப்பதிலேயே போகும், உங்களுக்குப் பிடித்த பகுதி அதற்கப்புறம்தான் இருக்கும்.

பழைய பதிப்பையே விளையாடுங்கள். சான் ஆண்ட்ரியாஸுக்கு 2021-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் முகங்களும் வெளிச்சமும் மாறிவிட்டன. அதைப் பார்த்துவிட்டுப் பழைய நினைவுக்கு மார்க் போட முடியாது.

கேசட் காலத்து கேம் என்றால் இன்னொன்று. இன்றைய எல்இடி டிவிகள் படத்தைச் சீர்செய்து காட்டுவதால், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் குதிப்பதற்கும் இடையில் ஒரு கண நேரம் தாமதமாகும். பழைய டப்பா டிவியில் அது கிடையாது. கை மறந்துவிட்டது, அல்லது கேம் அவ்வளவு நன்றாக இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். டிவி செட்டிங்கில் கேம் மோடைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

9. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம்

பட்டியலைச் சோதிக்கும் படி இது. ஒவ்வொரு கேமுக்கு நேரேயும் ஏன் பிடித்தது என்று ஒரே ஒரு வாக்கியம். கிராஃபிக்ஸ், கதை, மியூசிக், சூப்பர் ஆகிய சொற்களுக்குத் தடை. அவை எந்த கேமுக்கும் பொருந்தும்.

“சான் ஆண்ட்ரியாஸ்: கதையும் மிஷன்களும் அருமை” என்று முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: “மேப் பார்க்காமலே மூன்று ஊர்களிலும் வண்டி ஓட்டத் தெரிந்தது. அப்போது என் சொந்த ஊரில் எனக்கு அவ்வளவு தெருக்கள் தெரியாது.” இரண்டாவது வரியை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது, வேறு கேமுக்கும் ஒட்டாது.

அப்படி ஒரு வரி எவ்வளவு யோசித்தும் வரவில்லையென்றால், அந்த வருடத்தில் இரண்டாவதாக வந்த கேமுக்கு எழுதிப் பாருங்கள். அதற்குச் சட்டென்று வந்துவிட்டால் இடத்தை மாற்றிவிடுங்கள். தங்கை மகனின் பட்டியலில் ஐந்து வருடங்கள் இந்தப் படியில்தான் மாறின.

10. தேதி போட்டு மூடி வையுங்கள்

அடியில் அன்றைய தேதியை எழுதி, இரண்டு வாரம் நோட்டைத் தொடாதீர்கள். திரும்பத் திறக்கும்போது, சமீபத்திய மூன்று வருடங்களை மட்டும் மறுபடி ஜோடி மோதலுக்கு விடுங்கள். புதிதாக முடித்த கேம் எப்போதும் உயரமாகத் தெரியும். நடந்துகொண்டிருக்கும் வருடத்துக்கு இப்போதே எழுத வேண்டாம், அடுத்த வருடம் பாதி தாண்டட்டும்.

பின்னால் மனம் மாறினால் பழைய பெயரை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, புதியதைப் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். என் 2005-க்கு நேரே இப்போது மூன்று பெயர்கள் இருக்கின்றன, இரண்டின் மேல் கோடு. எந்த வயதில் எது பிடித்தது என்பது அந்தக் கோடுகளிலிருந்துதான் எனக்குத் தெரிகிறது.

யாருக்காவது அனுப்புவதானால் முதல் பக்கத்து விதிகளையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் வைஸ் சிட்டி 2002-ஆ 2003-ஆ என்ற கேள்வியோடுதான் முதல் பதில் வரும். நீங்கள் எழுதிய ஒரு வரிக் காரணத்தை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.